ஒரு பேணி யூரியா

அப்பா என்னை அடித்தது ஒரேயொரு முறைதான். அதுவும் ஒரு தகரப் பேணி யூரியாப் பசளைக்காக. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்பது மட்டும் இடையில் மாறிவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வடக்கில் சண்டை நடந்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில், கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் வாடகைக்கு இருந்தோம். எங்களுக்கென்று மண் கிடையாது. சீமெந்து போட்ட முற்றம்தான். வகுப்பு டீச்சர் எல்லோருக்கும் தக்காளிக் கன்று கொடுத்து, சித்திரை விடுமுறைக்கு முன்னால் யாருடையது காய்க்கிறது பார்ப்போம் என்று சொல்லியிருந்தார். நான் என் கன்றுகளைப் பழைய பெயின்ற் வாளிகளில் நட்டேன். பங்குனி வெயிலில் அவை வளர்ந்தன. ஆனால் இலைகள் மட்டும் காமாலை வந்ததுபோல மஞ்சளித்துப்போயின.

மதிலுக்கு அந்தப் பக்கம் அங்கிள் இருந்தார். ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்ற சிங்களவர். வடக்கு ஸ்ரேசன்களில் இருந்த காலத்தில் பழகிய தமிழை மறக்காமல் வைத்திருந்தார். நாள் முழுக்க ரோசாச் செடிகளோடுதான் நிற்பார். என் வாளிகளை எட்டிப் பார்த்தவர், “மகள், இதுக்குச் சத்துக் காணாது. கொஞ்சம் பொறுங்கோ” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், ஒரு பால்மாப் பேணி நிறைய யூரியா கொண்டுவந்து மதிலுக்கு மேலால் தந்தார். “ஒரு சிட்டிகைதான். கூடப் போட்டா வேர் எரிஞ்சுபோகும்.”

ஒரு கிழமைக்குள்ளேயே இலைகள் பச்சை பிடித்தன. முதல் பூவும் வந்தது. அப்பாவுக்குக் காட்டுவதற்காகப் பேணியை அம்மா சமைக்கும் குசினி ஜன்னலில் வைத்தேன்.

கொள்ளுப்பிட்டிக் கந்தோரில் வேலை முடிந்து வந்த அப்பா மூடியைத் திறந்து பார்த்தார். முகம் வெளிறிப்போனது. “இது ஆர் தந்தது?” என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். அம்மா கையிலிருந்த அகப்பையோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டா. அப்பா பேணியைத் தூக்கிக்கொண்டு கக்கூசுக்குள் போய், எல்லாவற்றையும் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். நான் கத்திக்கொண்டு அவருடைய கையைப் பிடித்துத் தொங்கினேன். அப்போதுதான் அறை விழுந்தது.

அதோடு விடவில்லை. பேணியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். வாளிகளின் மேல் மண்ணையும் சுரண்டி எடுத்தார். ஒரு கன்று வேரோடு வந்துவிட்டது. ஏன், ஏன் என்று கேட்டு அழுதேன். “அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பள்ளிக்கூடத்தில போய்க் கதைப்பாள்” என்று அம்மா தடுத்தா. கடைசியில் எனக்குக் கிடைத்தது ஒரு கட்டளை மட்டும்தான்: ஆர் கேட்டாலும் எங்கள் வீட்டில் பசளையே இருந்ததில்லை. பொய் சொன்னால் அம்மா அடி போடுகிற வீட்டில், பொய் சொல்லச் சொன்னார்கள்!

அடுத்த நாள் காலை அங்கிள் மதிலால் எட்டி, பசளை எப்படி என்று அப்பாவைக் கேட்டார். “ஓம், ஓம், நல்லா வேலை செய்யுது. பெரிய உபகாரம்” என்று அப்பா சிரித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

“பொய்! அப்பா எல்லாத்தையும் கக்கூசுக்குள்ள கொட்டினவர்!”

அங்கிளின் முகம் சுருங்கிப்போனது. “நான் பிள்ளைக்கு நஞ்சு தரேல்லையே” என்று மெதுவாகச் சொன்னார். அங்கிள் உள்ளே போய்விட்டார். அதன்பிறகு மதிலருகே அவர் வரவில்லை. அப்பாவுக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். ஆமிக்காரர் எங்கள் அலுமாரியைக் கிளறினார்கள், அரிசிக்குள் கை விட்டார்கள். ஒருவன் முற்றத்துக்கு வந்து இரும்புக் கம்பியால் என் வாளிகளைக் குத்தினான். பூத்திருந்த கன்று முறிந்தது. மண்ணை அள்ளி மணந்து பார்த்து, பசளை இருக்கிறதா என்று அப்பாவைச் சிங்களத்தில் கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் அம்மாவின் நகங்கள் என் தோளில் இறங்கின. “நே, சேர்” என்று இல்லையெனத் தலையாட்டினார் அப்பா.

யூரியாவில் குண்டும் செய்யலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு தமிழன் வீட்டுக் குசினியில் அகப்படும் ஒரு பேணி, அவனை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகப் போதும் என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கன்றை முறித்தவன் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை என்பதுதான். மதிலுக்கு அந்தப் பக்கம் அங்கிள் அசையாமல் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்குள் யாரும் போகவில்லை.

அன்று பின்னேரம் அவர் எங்கள் கேற்றால் வந்தார். தோளில் ஒரு சாக்கு. அதற்குள் காய்ந்த மாட்டெரு. அதை இறக்கி வைத்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், “எனக்கு யோசனை வரேல்ல. உங்களுக்கு அப்பிடி ஒரு கரைச்சல் வருமெண்டு ஒருநாளும் யோசிக்கேல்ல” என்றார். அப்பா அவருடைய கைகளைப் பிடித்துக்கொண்டார். சாணி மணக்கும் சாக்குக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் கண் கலங்கி நின்றார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

“அவற்ற கொட்டிலுக்குள்ள அரைச் சாக்கு யூரியா கிடக்கு. நான் கண்டனான். எங்களுக்கு மட்டும் ஏன் சாணி?”

அம்மா என் தலையைக் கோதினா. அது எனக்கு இன்னும் கோபத்தைத்தான் தந்தது.