பெக்செல் அப்பா-மகன் டிரஸ்ட்

என் தங்கை புருஷன் ஓரின் பெக்செலைப் போலச் சட்டத்துக்குப் பயந்த மனுஷனை இந்த வயோமிங் பக்கம் நான் பார்த்ததில்லை. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு வண்டி இருக்காது. மண்ரோடு சந்திப்பில் நிறுத்தி, இடமும் வலமும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாருக்கு வழி விடுகிறாய், முயலுக்கா என்று கேட்பேன். போர்டு வைத்திருக்கிறார்களே என்பான். அதற்கு மேல் அவனிடம் பேச்சு பெயராது.

எனக்கு ஷெரிஃப் ஆபீஸில் வேலை. கைரேகை எடுப்பது நான்தான். டீச்சர் வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள், பள்ளி பஸ் ஓட்டப் போகிறவர்கள் வருவார்கள், வீட்டிலேயே துப்பாக்கிக்கு சைலன்சர் செய்யப் போகிறவர்களும் வருவார்கள். செய்யலாம், தப்பில்லை. ஆனால் முதலில் போட்டோவும் பத்து விரல் ரேகையும் வாஷிங்டனுக்குப் போக வேண்டும். அங்கிருந்து அனுமதி வந்த பிறகுதான் இரும்பில் கை வைக்கலாம். முதலில் செய்துவிட்டுப் பிறகு சொன்னால் ஜெயில். தனி ஆள் பேரில் பதிந்தால், அவர் செத்த பிறகு வீட்டுக்காரர்கள் மறுபடி எழுதிப்போட்டு அலைய வேண்டும். அதனால் பலரும் ஒரு டிரஸ்ட் வைத்து அதன் பேரில் பதிவார்கள். அப்பன் போனாலும் வம்பில்லாமல் மகன் கையில் இருக்கும். ஆனால் டிரஸ்டில் பேர் உள்ள எல்லோரும் போட்டோவும் ரேகையும் தர வேண்டும்.

ஓரினும் அப்படித்தான் மகன் டைரெலைச் சேர்த்துக்கொண்டு டிரஸ்ட் ஆரம்பித்தான். இரண்டு பேரும் ரேகை கொடுக்க வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. முள்கம்பி இழுத்து இழுத்து ஓரினின் விரல்கள் தேய்ந்து வழவழவென்று இருந்தன. எத்தனை தடவை உருட்டினாலும் கோடு விழவில்லை. நான் திட்டிக்கொண்டே உருட்டினேன். பின்னால் நின்ற டைரெல் சிரித்தான்.

"பெரியம்மா, அப்பா பேங்க்ல கொள்ளையடிச்சாக்கூட யாராலயும் பிடிக்க முடியாது போல."

அவன் ரேகை முதல் தடவையிலேயே அச்சடித்த மாதிரி விழுந்தது. அந்தக் காகிதங்களைத் தபாலில் போடுவதற்குள் குளிர்காலம் வந்தது. பனி உறைந்த நெடுஞ்சாலையில் டைரெலின் வண்டி உருண்டது. காகிதங்கள் ஓரினின் அலமாரியிலேயே கிடந்தன.

என் தங்கை லவோன் அழுது முடித்து எழுந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். ஆடுகள் குட்டி போடும் காலம் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. குட்டிகளைத் தூக்கிப்போக விடியற்காலையில் நரிகள் வரும். முன்பெல்லாம் டைரெல்தான் துப்பாக்கியோடு போவான். வெடிச்சத்தம் கேட்டதும் லவோன் அடுப்பில் வாணலியை வைப்பாள். அவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து உட்காரும்போது முட்டையும் உருளைக்கிழங்கும் சுடச்சுடத் தட்டில் இருக்கும். இப்போது சுடுவது ஓரின். ஆனாலும் சத்தம் கேட்டால் அவள் கை தானாக வாணலியை எடுத்தது. டைரெல் உட்காரும் இடத்தில் தட்டு வைத்துவிட்டு எதிரில் உட்காருவாள். சாப்பாடு ஆறிப்போனதும் நாய்க்குப் போட்டுவிட்டு, தட்டைக் கழுவி, மற்ற வேலைகளைப் பார்ப்பாள். அது முடியும்வரை ஓரின் வாசலில் நின்றுகொண்டிருப்பான், உள்ளே வர மாட்டான்.

"பாக்க முடியல ட்ரூடி. சத்தம் கேக்கலேன்னா அவ கை சும்மா இருக்கும்ல?" என்றான் என்னிடம். அதற்காகத்தான் கிடப்பில் போட்ட சைலன்சர் யோசனையை மறுபடி எடுத்தான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அப்புறம் ஒரு நாள் கையில் கடிதத்தோடு ஆபீஸுக்கு வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. பழைய காகிதங்களை அப்படியே அனுப்பிவிட்டிருந்தான், டைரெலின் ரேகையையும் போட்டோவையும் சேர்த்து. வாஷிங்டனிலிருந்து பதில் வந்திருந்தது. டைரெல் பெக்செலின் போட்டோ பழையது, சமீபத்தில் எடுத்த போட்டோ ஒன்று அனுப்பவும்.

"புதுசா ஒண்ணு கேக்கறாங்க, ட்ரூடி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபப்படாவிட்டால் அழுதிருப்பேன். செத்துப்போன பிள்ளையின் ரேகையை யாராவது அனுப்புவார்களா, புத்தி எங்கே போயிற்று என்று கத்தினேன். அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டிரஸ்ட்ல ரெண்டு பேர் இருக்கே. ஒருத்தர் ரேகைய மட்டும் அனுப்பினா பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?"

உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு யோசனை வராது. பேரை டிரஸ்டிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி அனுப்பு, வேறு வழியில்லை என்றேன். என் கையாலேயே எடுக்க வேண்டுமா என்று கேட்டான். உன் கையெழுத்துதான் வேண்டும் என்றேன். வக்கீல் எழுதிக்கொடுத்ததை என் மேசையில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு, கடிதத்தோடு திரும்பி வந்திருந்த டைரெலின் ரேகை அட்டையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வசந்தத்துக்குள் அனுமதி வந்தது. அதன் பிறகுதான் கடைசல் இயந்திரத்தைத் தொட்டான். செய்தவர் பேரும் ஊரும் இரும்பிலேயே வெட்டியிருக்க வேண்டும் என்பது விதி. செய்தது டிரஸ்ட் என்பதால் டிரஸ்டின் பேர். 'பெக்செல் அப்பா-மகன் டிரஸ்ட், ஸ்டோன் க்ரீக், வயோமிங்' என்று வெட்டி எடுத்து வந்து என்னிடம் காட்டினான். காகிதத்திலிருந்து நீக்கிய பேர் இரும்பில் மகன் என்று உட்கார்ந்திருந்தது. பேரையும் மாற்றித் தொலைத்திருக்கலாமே என்று வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

குட்டி போடும் நாளில் ஒத்தாசைக்கு நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். ஓரின் துப்பாக்கியில் சைலன்சரை மாட்டிக்கொண்டு விடியலில் கிளம்பினான். சமையலறையில் நானும் லவோனும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. காற்றுதான் கேட்டது. வாணலி ஆணியில் தொங்கியபடி இருந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பொழுது ஏறி ஓரின் உள்ளே வந்தான், கையில் செத்த நரியின் வால். லவோன் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"நீங்க வந்துட்டீங்க, அவன் எங்க?" என்றாள். "இன்னும் சுடவே இல்லியே. வெறும் வயித்தோட குளிர்ல நிக்கிறான்."

அவள் அன்று உட்காரவில்லை, சாப்பிடவில்லை. மத்தியானமும் அங்கேயே நின்றாள். சாயங்காலம் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு மலைப் பக்கம் கிளம்பினாள். நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மறுநாளும் அதே கதை. முன்பு ஒரு வெடிச்சத்தம் அவளுக்குப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. தட்டைக் கழுவிவிட்டு நாளைத் தொடங்கினாள். இப்போது அவன் வெளியிலேயே இருந்தான்.

மூன்றாம் நாள் காலை ஓரின் துப்பாக்கியை எடுத்தான். சைலன்சரைத் திருகிக் கழற்றி மேசைமேல் வைத்தான். வெளியே போய், ஆளும் ஆடும் இல்லாத மண்மேட்டைப் பார்த்துச் சுட்டான். கண்ணாடி அதிர்ந்தது. லவோன் ஜன்னலை விட்டுத் திரும்பினாள். வாணலியை எடுத்தாள், முட்டையை உடைத்தாள்.

இந்தத் தடவை ஓரின் வாசலில் நிற்கவில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து டைரெலின் நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் தட்டை அவன் முன்னால் வைத்துவிட்டு, ஆறிப்போகும், சாப்பிடு என்றாள். சாப்பிட்டான். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை, ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

அவ்வளவு பாடுபட்டுப் பதிந்த சைலன்சர் இப்போது டைரெலின் ரேகை அட்டைமேல் அலமாரியில் கிடக்கிறது. நரி வராத நாளிலும் ஓரின் விடியற்காலையில் ஒரு தடவை சுடுகிறான்.