நான் மாற்றிப் போட்ட தரை

"சார், நீங்க டைல் போட்ட நாள்லேருந்து அப்பா நடக்கறதே பந்த் ஆயிடுச்சு."

டெல்லி கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில், புகார் வாங்கும் என்கொயரி ஆபீசுக்கு ஒரு டிசம்பர் காலையில் இந்த போன் வந்தது. பேசியவர் கலா. மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். அப்பா, அம்மாவோடு எங்கள் பொறுப்பில் இருந்த குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். அந்த வீட்டுத் தரையை மாற்றி, வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. குடியிருப்புப் பராமரிப்பில் ஜூனியர் இன்ஜினியராக அப்போது முப்பது வருஷம் முடித்திருந்தேன். கூரை ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை, சுவர் உப்புப் பூத்துவிட்டது என்று எத்தனையோ புகார் பார்த்திருக்கிறேன். ஆள் நடக்கவில்லை என்று டைல் மேல் புகார் வந்தது அதுதான் முதல் தடவை.

"மேடம், தரைக்கும் அப்பா நடக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"மாலூம் நஹீ சார், எனக்குத் தெரியலை. நீங்க ஒரு தடவை வந்து பாருங்க. ப்ளீஸ், ஜல்தி."

ஓய்வு பெற்ற பிறகு, துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஏதாவது எழுதுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். பெயர் வாங்கிய வேலைகள் இருக்கின்றன, எழுதலாம். ஆனால் எனக்கு வேலை என்றால் என்னவென்று தெரிந்தது இந்தத் தப்பில்தான்.

1. அளவெல்லாம் சரி

கலாவின் அப்பா வேலுச்சாமிக்கு வயது எழுபத்துநான்கு. அருப்புக்கோட்டைக்காரர். டெல்லியில் ஓர் அமைச்சகத்தில் சூப்பரின்டெண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுங்கும், உடம்பு விறைக்கும், குரல் தேயும், காலடி குறுகிக்கொண்டே வரும். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள கிராப் பார், உயரமான கமோடு, வழுக்காத தரை இவையெல்லாம் வேண்டும் என்று கலா விண்ணப்பம் கொடுத்திருந்தார்.

இந்த மாதிரி வேலை என்றால் எனக்குத் தனி உற்சாகம். வேலுச்சாமி சாரை நாற்காலியில் உட்கார வைத்து முழங்கால் உயரம், முழங்கை உயரம், கை எட்டும் தூரம் எல்லாம் அளந்தேன். நாளைக்கே சக்கர நாற்காலி வந்தாலும் நுழைய வேண்டும் என்று கதவு அகலத்தையும் அளந்தேன். டைரியில் ஒன்றரைப் பக்கம் அளவு.

அந்த வீட்டின் பழைய தரை, கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பதித்த பத்து அங்குல மொசைக். தேய்ந்து பளபளவென்று கிடந்தது. இரண்டு மூன்று இடங்களில் விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. பெயர்த்து எறியச் சொல்லிவிட்டேன். அதற்குப் பதில், நாலைந்து சாம்பிள் பார்த்து நானே தேர்ந்தெடுத்த தந்த நிற ஆன்டி-ஸ்கிட் டைல். இரண்டடிக்கு இரண்டடி. இணைப்பை அடைக்கும் கிரவுட்டும் அதே நிறத்தில். படுக்கையறையில் தொடங்கி ஹால் வழியாகப் பாத்ரூமுக்குள் போகும் வரை ஒரே தரை. ஒரு டைல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

"சாப், ஏக்தம் மக்கன்" என்றார் டைல் பதித்த எங்கள் மிஸ்திரி இஸ்லாம். வெண்ணெய் மாதிரி இருக்கிறதாம். எனக்கும் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வேலை தொடங்கிய அன்று காலையில், மிஸ்திரி முதல் மொசைக்கைப் பெயர்க்க உளியை வைத்தபோது, வேலுச்சாமி சார் அந்தத் தேய்ந்த குரலில், "இது இருந்துட்டுப் போகட்டுமே சார்" என்றார்.

"வழுக்கும் சார். விழுந்துட்டீங்கன்னா இடுப்பு போயிடும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

2. என் தரைக்கு நானே வக்கீல்

போன் வந்த அன்று மத்தியானமே இஸ்லாமையும் கூட்டிக்கொண்டு போனேன். போன வேகத்தில் மட்டம் பார்க்கும் ஸ்பிரிட் லெவலைத் தரையில் வைத்துக் காட்டினேன். குமிழி நட்ட நடுவில் நின்றது. அதோடு விட்டேனா? ஒரு மக் தண்ணீரைத் தரையில் ஊற்றி, ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு அதில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து காட்டினேன். "பாருங்க மேடம், வழுக்குதா?"

வேலுச்சாமி சாரின் மனைவி பாக்கியம் அம்மா துணி கொண்டுவந்து அந்தத் தண்ணீரைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வழுக்குதுன்னு யாரு தம்பி சொன்னா? அவுகளுக்குக் காலே எந்திரிக்க மாட்டேங்குது. நீங்களே பாருங்க."

வேலுச்சாமி சார் கட்டிலிலிருந்து எழுந்தார். கட்டில் பக்கத்துச் சுவரிலும் நான் வைத்திருந்த கிராப் பாரைப் பிடித்து நன்றாகவே எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு பாதமும் தரையோடு ஒட்டவைத்த மாதிரி. முழங்கால் மட்டும் படபடவென்று ஆடியது. மேல் உடம்பு முன்னால் சாய்கிறது, கால் வரவில்லை. பாக்கியம் அம்மா ஓடிப்போய்த் தாங்கினார்.

"என்னங்க, ஒரு எட்டு வைங்க."

"வைக்கணும்னுதான் நிக்கிறேன்" என்றார் அவர்.

நான் ஈர சாக்ஸோடு பார்த்துக்கொண்டு நின்றேன். கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

கலா என்னை ஓரமாக அழைத்துப் போனார். வியாதி முற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொல்லி மாத்திரையைக் கூட்டியிருக்கிறாராம். "மண்டேலேருந்து அட்டெண்டன்ட் வர்றாங்க சார். டயப்பர் போட்டு பெட்லயே வச்சுக்கலாம்னு. மம்மி கை பாருங்க, எப்படி வீங்கியிருக்கு. எத்தனை நாள் இழுப்பாங்க?"

இதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். இருந்தாலும் சின்ன வீடு. கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் காதில் விழுந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

பாக்கியம் அம்மா என் பக்கத்தில் வந்தார். "தண்ணி குடிக்கிறதையே குறைச்சுட்டாக தம்பி. குடிச்சா பாத்ரூம் போகணும், போகணும்னா என்னையக் கூப்பிடணும்ல? எம்புட்டுச் சொன்னாலும் ரெண்டு மடக்குதான். உதடெல்லாம் வெடிச்சுப் போச்சு. அந்த ஒரு எடத்துக்கு மட்டும் அவுக தனியாப் போயி வந்துட்டாப் போதும். வேற எதுவும் நான் கேக்கல."

அன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை அட்டெண்டன்ட் வந்துவிடுவார்.

போய் வேலுச்சாமி சார் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே, "உங்க வேலை சுத்தமா இருக்கு சார். வியாதி எனக்கு" என்று என்னைத் தேற்றினார். பேசாமல் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

3. மூன்று மணி வெயில்

பாக்கியம் அம்மா டீ கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று இருந்தேன்.

டெல்லிக் குளிரில் மத்தியான வெயிலை யாரும் வீணாக்க மாட்டார்கள். வேலுச்சாமி சாருக்கும் தினமும் மூன்று மணிக்கு வெராண்டாவில் உட்கார வேண்டும். பாக்கியம் அம்மா அவரை எழுப்பி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, தான் பின்னால் நடந்தபடி இழுத்தார். படுக்கையறை வாசலைத் தாண்டுவதற்கே நாலைந்து நிமிஷம் ஆயிற்று. அரை அங்குலம், அரை அங்குலமாகத் தேய்த்துக்கொண்டு வந்தார்.

ஹாலுக்கும் வெராண்டாவுக்கும் நடுவில் ஒரு கிரில் கதவு. குறுக்குப் பட்டைகள் வைத்த பழைய இரும்புக் கதவு. சாய்ந்த வெயில் அதன் வழியாக வந்து, ஒவ்வொரு பட்டையின் நிழலையும் ஹால் தரையில் நீட்டிப் போட்டிருந்தது. என் தந்த நிறத் தரையில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள்.

வேலுச்சாமி சாரின் கால் முதல் நிழல் அருகே வந்தது. நின்றது. பிறகு தூக்கி, நிழலைத் தாண்டி வைத்தார்.

அடுத்த கால் அடுத்த நிழலைத் தாண்டியது. அதற்கடுத்தது. மனைவியின் கையை விட்டுவிட்டார். முதுகு நிமிர்ந்தது. ஆபீசுக்கு நேரமாகிவிட்ட மனிதர் போல ஆறு எட்டு, ஏழு எட்டு, தடதடவென்று நடந்து வெராண்டா வாசல் வரை போனார். நிழல் முடிந்த இடத்தில் நின்றார். மறுபடி பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது.

பாக்கியம் அம்மா நீட்டிய கையை மடக்க மறந்து நின்றார். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது. அந்த மனிதரிடம் நடை இல்லாமல் போகவில்லை. எட்டு எட்டாக, அளவு பிசகாமல், முழுசாக உள்ளேயே இருந்திருக்கிறது. தரையில் விழுந்த வெறும் நிழல் அதை வெளியே கூப்பிட்டிருக்கிறது.

"சார், இன்னொரு தடவை நடப்பீங்களா?" என்று கேட்டேன்.

திருப்பி நிறுத்தினோம். நிழல் நிழலாகத் தாண்டித் திரும்பி வந்தார். வந்து நின்றவர் தன் காலையே குனிந்து பார்த்தார், அது யாருடையதோ என்பது போல.

நான் டேப்பை எடுத்து மண்டி போட்டு அளந்தேன். நிழலுக்கும் நிழலுக்கும் பத்தொன்பது அங்குலம். அளந்த கையோடு பழைய தரை நினைவுக்கு வந்தது. பத்து அங்குல மொசைக், ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பு. ஒரு கறுப்பிலிருந்து அடுத்த கறுப்புக்கு இருபது அங்குலம்.

மண்டி போட்டவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவருடைய நடையைத்தான் நான் உளி வைத்துப் பெயர்த்து, மூட்டை கட்டி, இடிபாடு அள்ளும் மலபா வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

"சார், பழைய தரையில கறுப்புப் பார்த்துக் கால் வைப்பீங்களா?"

யோசித்தார். "தெரியலையே சார். கால் அதுபாட்டுக்குப் போகும். நான் கவனிச்சதில்ல."

4. கறுப்பு டேப்

வெயில் இன்னும் ஒரு மணி நேரத்தில் போய்விடும். இஸ்லாம் தன் பையிலிருந்து எலக்ட்ரீஷியன்கள் சுற்றும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து நீட்டினார். நான் சொல்வதற்கு முன்பே அவருக்கும் புரிந்திருந்தது.

அவசரத்தில் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை வழி காட்டுவது போல நீளமாக ஒரு கோடு ஒட்டினேன். அவர் கால் அசையவில்லை. அதைப் பிய்த்துவிட்டு, தண்டவாளக் கட்டை மாதிரி குறுக்குக் குறுக்காக ஒட்டினோம். அடி எடுத்தார். இரண்டாவது கோட்டில் தடுமாறினார்.

"கொஞ்சம் கிட்ட" என்றார்.

கிட்ட வைத்தோம். "இன்னும் துளி." பதினேழு அங்குலத்தில், "ம்" என்றார். அன்று அந்த வீட்டில் இன்ஜினியர் அவர்தான். நானும் மிஸ்திரியும் அவர் சொன்ன இடத்தில் ஒட்டினோம். பாத்ரூம் வாசலில் மட்டும் திரும்பத் திரும்ப நின்றார். வாசலுக்கு முன்னால் ஒன்று, வாசலிலேயே ஒன்று, உள்ளே ஒன்று என்று நெருக்கி ஒட்டியதும் தாண்டினார்.

மறுநாள் கலா டாக்டரிடம் கேட்டிருக்கிறார். இது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்தானாம். கால் தானாக நடக்கிற வழி இந்த நோயில் அடைபடுகிறது. கண்ணால் ஒன்றைப் பார்த்து அடி வைக்கிற வழி பலருக்குத் திறந்தே இருக்கிறது. கோடு வியாதியைக் குணமாக்காது, மாத்திரை வேகம் குறைந்த நேரத்தில் கோடு இருந்தும் கால் வராது என்றும் சொன்னாராம். அப்படித்தான் இருந்தது. சில நேரம் பாக்கியம் அம்மா பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் திங்கட்கிழமை வர வேண்டிய அட்டெண்டன்ட்டைக் கலா ஞாயிறன்றே போன் செய்து வேண்டாம் என்றுவிட்டார்.

தெரிந்த விஷயம்! முப்பது வருஷம் ஆயிரக்கணக்கான சதுர அடி தரை போட்டவனுக்கு, நடக்கக் காலுக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் தரை வேண்டும் என்று தெரியவில்லை.

5. புதுத் தரையை வெட்டியது

டேப் பத்து நாள்கூடத் தாங்கவில்லை. மாப் போடப் போட விளிம்பு கிளம்பியது. அது சுருண்டால் அதுவே காலைத் தடுக்கும். தரையை வெட்டிக் கறுப்புக் கிரானைட் பட்டை பதிக்க வேண்டும் என்று மேலதிகாரிக்கு எழுதினேன். அவர் கூப்பிட்டு, போன மாதம் போட்ட தரையை இந்த மாதம் வெட்டுவதற்கு என்ன காரணம் எழுதுவது என்று ஹிந்தியில் சத்தம் போட்டார்.

"நடக்கிறவரை நடக்கவிட்டுப் பார்க்காமல் போட்டேன், என் தவறு" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை எந்த வீட்டிலும் நான் முதலில் அளவு டேப்பை வெளியே எடுத்ததில்லை. ஓர் ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். அங்கே இருக்கிறவர் எழட்டும், நடக்கட்டும், நிற்கட்டும், எதைப் பிடிக்கிறார், எங்கே பார்க்கிறார் என்று பார்ப்பேன். "இது இருந்துட்டுப் போகட்டுமே" என்று ஒருவர் சொன்னால், ஏன் என்று கேட்பேன். அவருக்கே காரணம் தெரியாமல் இருக்கலாம். அதற்காக அந்தக் காரணம் இல்லை என்று ஆகிவிடாது. உங்களிடம் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

கலா வீட்டில் இஸ்லாம் கடைசிப் பட்டையைப் பதித்து, பாலிஷ் போட்டதும் ஒரு நாள் காயவிட்டோம். மறுநாள் போய்ப் பார்த்தேன். வேலுச்சாமி சார் கட்டிலிலிருந்து எழுந்தார். முதல் பட்டையைப் பார்த்தார். தாண்டினார். பழக்கத்தில் பாக்கியம் அம்மா பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு போனார். பாத்ரூம் வாசலில் சார் நின்றபோது, இங்கே மறுபடி மாட்டிக்கொண்டாரோ என்று எனக்குப் பகீர் என்றது. அவர் மாட்டிக்கொள்ளவில்லை. திரும்பி மனைவியைப் பார்க்கத்தான் நின்றார்.

"நீ இரு" என்றார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூடிய கதவுக்கு வெளியே பாக்கியம் அம்மா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். கண்ணில் நீர், முகமெல்லாம் சிரிப்பு.

"என்னைய வர வேணாம்னுட்டாக தம்பி" என்றார்.