ராத்திரி சாப்பாடு

ஊரப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்கு லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் இருக்கும் நாகலக்ஷ்மி மாமிக்கு வயது அறுபத்திரண்டு. தாம்பரத்தில் முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவர். இரண்டு முழங்கால் மூட்டும் தேய்ந்துபோனதால் போன வருடம் படி இறங்குவதை நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கி இறக்குவோம். இறங்கும்வரை அவர் கண்ணைத் திறக்கவே மாட்டார். செயற்கை மூட்டு வைத்துக்கொண்டு, தன் காலால் அந்தப் படிகளில் இறங்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

டாக்டர் தயாளன் எடை பார்த்தார். ஐந்தடி உயரத்துக்குத் தொண்ணூற்றெட்டு கிலோ.

“ஆபரேஷன் பண்ணா வலி குறையும்மா, அதுல சந்தேகமில்ல. ஆனா இந்த வெயிட்டுக்குத் தையல் ஆற நாளாகும், கிருமி தொத்தற ஆபத்தும் ஜாஸ்தி. கிருமி மூட்டுக்குள்ள போயிட்டா வெச்சதையே கழட்ட வேண்டி வரும். தொண்ணூறுக்கு வாங்க, தேதி தரேன். ராத்திரி சாப்பாடு வேண்டாம். லேசா ஏதாவது எடுத்துக்கோங்க.”

மூன்று மாதம் கழித்து, மாமியும் கணவரும் தேதி வாங்கப் போனார்கள். எடை தொண்ணூற்றொன்பது.

“மெஷின் தப்பு” என்றார் மாமி.

டாக்டர் வேறொரு மெஷினில் நிற்கச் சொன்னார். அதுவும் தொண்ணூற்றொன்பதுதான் காட்டியது.

“ராத்திரி சாதத்தைக் கண்ணால பாக்கலை, டாக்டர். ஏன்னா, சொல்லுங்கோளேன்!”

கணவர் தோத்தாத்ரி சாட்சி சொன்னார். “சத்தியமா சார். மூணு மாசமா வெறும் டிபன்தான்.”

“என்ன டிபன்?”

“தோசை. நாலே நாலு. என்னிக்காவது அடை.”

நர்ஸ் சிரிப்பை அடக்க வெளியே போனாள். டாக்டர் சிரிக்கவில்லை. “தப்பு என்னோடதும்மா. சாப்பாடுன்னா உங்களுக்குச் சாதம்னு எனக்குத் தோணியிருக்கணும். தோசையும் அரிசிதானே?”

மாமியின் கண் கலங்கியது. “வலியில நடக்க முடியலை. நடக்காததால வெயிட் ஏறறது. நான் எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?”

“தட்டுலேர்ந்து” என்றார் டாக்டர். அந்த முறை அளவோடு எழுதிக் கொடுத்தார்: இரவில் ஒரு தோசை, ஒரு கிண்ணம் காய், கொஞ்சம் சுண்டல். நாற்காலியில் உட்கார்ந்தே கால் நீட்டி மடக்கும் பயிற்சி.

முதல் மாதம் இரண்டு கிலோ குறைந்தது. பிறகு ஆறு வாரம் எடை அசையவே இல்லை. ஆனாலும் மாமி அந்தச் சீட்டை மீறவில்லை. எட்டாவது மாதம் தொண்ணூற்றொன்று.

“ஒரு கிலோவுக்காக உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டேன்” என்று டாக்டர் தேதி கொடுத்தார். முதலில் வலது கால் மட்டும்.

அப்படியும் தையலில் ஓரிடத்தில் இரண்டு வாரம் நீர் கசிந்தது. தோத்தாத்ரி தினமும் டார்ச் அடித்துப் பார்ப்பார். காயம் மூடியதும்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார். இடது மூட்டுக்கு இன்னும் தேதி சொல்லவில்லை. அதற்குள் எண்பத்தைந்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாமி தானாகவே கீழே வந்தார். முப்பத்தாறு படி, இருபது நிமிடம் ஆனது. கேட்டருகே நின்று மூச்சு வாங்கினார்.

“போதும், மேல போலாமா?” என்றார் தோத்தாத்ரி.

“இருங்கோ. இப்பத்தானே வந்திருக்கேன்.”