தட்டிலிருந்து எடுத்த வாக்குத்தத்தம்

எங்கள் தமிழ்ச் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு வரும். அதில் வசன அட்டைகள் கவிழ்ந்து கிடக்கும். குடும்பத்துக்கு ஒன்று எடுக்க வேண்டும். கையில் வருவதுதான் அந்த வருஷம் கர்த்தர் நமக்குத் தரும் வாக்குத்தத்தம்.

அந்த வருஷம் என் மனைவி எடுத்தாள். எபிரேயத் தீர்க்கதரிசி ஒருவர் எருசலேமைப் பற்றிச் சொன்னது. கிழவர்களும் கிழவிகளும் கோலூன்றி மறுபடி அந்தத் தெருக்களில் உட்காருவார்களாம். பிள்ளைகள் விளையாடுவார்களாம்.

போலாரத்தில் எங்கள் தெருவை ரோட்டுக்காக இடிக்கப்போவதாகப் பேச்சு இருந்த சமயம். அட்டையைக் கதவில் ஒட்டினாள்.

"நம்ம தெருவத்தான் சொல்லுது. இடிக்க மாட்டாங்க."

"எருசலேம்னு போட்டிருக்கே."

"லாரி ஓட்டுறவருக்கு வேதம் தெரியுமாக்கும். சும்மா இருங்க."

பசை டப்பாவை மூடி வைத்தேன்.

ஊருக்கு வெளியே மாற்று வீடு தருவதாகச் சொன்னார்கள். தெருக்காரர்கள் சாவி வாங்கிக்கொண்டு போனார்கள். இவள் என்னை வாங்கவிடவில்லை. வாங்கினால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமாம். கெடு தாண்டிவிட்டது. இடிக்கிற இயந்திரம் வந்தது. கதவு அட்டையோடு போயிற்று. மாற்று வீடு இனி கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

வாடகை அறைக்கு ஜெபிக்க வந்த பாஸ்டரிடம் அவளே கேட்டாள்.

"வாக்குத்தத்தம் என்னாச்சு பாஸ்டர்?"

"அது அந்தக் காலத்து எருசலேமுக்குச் சொன்னதும்மா. இடிஞ்சு கெடந்த ஊருக்குத் திரும்பி வந்தாங்கல்ல, அவங்களுக்கு."

"அப்ப எங்க கையில எதுக்குக் குடுத்தீங்க?"

அவர் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார்.

அன்றுதான் எனக்கு விளங்கியது. இடியாது என்று அந்தத் தீர்க்கதரிசி சொல்லவேயில்லை. இடிந்த பிறகு நடக்கப்போவதைத்தான் சொல்லியிருக்கிறார். நல்ல வார்த்தைதான். அந்த ஜனங்களுக்குத் திரும்பி வர, இடிந்த கல்லாவது மிச்சம் இருந்தது. எங்கள் அடுப்படி இருந்த இடத்தில் பஸ் போகிறது. அங்கே கோலூன்றி உட்கார்ந்தால் ஹாரன் அடிப்பார்கள்.

இந்தப் புத்தாண்டுக்கும் தட்டு வந்தது. அவளுக்கு இப்போது நடக்கக் கோல் வேண்டும். கோலைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"எடுங்கம்மா," என்றார் பாஸ்டர்.

"நக்கோ, வேணாம் பாஸ்டர். அன்னைக்கு எடுத்ததே இன்னும் வந்து சேரல."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நானும் எடுக்கவில்லை. தட்டு அடுத்த வரிசைக்குப் போயிற்று.

திரும்பும்போது பஸ் எங்கள் பழைய தெரு வழியாகத்தான் வந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.