பெட்டியிலிருந்து விழும் உளுந்து

மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவது எங்கள் பசுவந்தனைப் பக்கத்து வழக்கம். பிந்தினால் கரிசல் சேறாகிவிடும், டிராக்டர் இறங்காது. விதைக்கும் மிஷினை முதல்முதலாக வாடகைக்குப் பிடித்த வருஷம் வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருந்தார். கையிலிருந்த உளுந்து எங்கள் புஞ்சையில் ஒரு தடவை விதைக்கத்தான் காணும்.

இரண்டு சால் ஓடியதும் விதைப்பெட்டியை எட்டிப் பார்த்தேன். இப்படியே போனால் பாதிப் புஞ்சையில் தீர்ந்துவிடும். வெளியாளிடம் வாய்திறக்க எனக்குக் கூச்சம். டிரைவர் வண்டியைத் திருப்பும்போது எப்படியோ சொல்லிவிட்டேன்.

“அண்ணாச்சி, நிறுத்துங்க. விதை கூட விழுது.”

“மண்ணுக்குள்ள விழுதது ஒனக்கு எப்படிம்மா தெரியுது?”

நியாயமான கேள்வி. கறுப்பு மண்ணில் கறுப்பு உளுந்து. மிஷினைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, விதை இறங்கும் குழாய்களில் ஒன்றுக்குக் கீழே வெள்ளைத் துண்டை விரித்தேன். மிஷின் சக்கரம் சுற்றச் சுற்றத்தான் விதை விழும். அது ஒரு சுற்றில் போகும் தூரத்தை உள்ளங்கையால் அளந்து, செடிக்குச் செடி வேண்டிய இடைவெளிப்படி உள்ளங்கைக்கு ஒன்றாக விதைகளை எடுத்துத் தனியே வைத்தேன். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினோம். துண்டில் அதைப்போல இரண்டு பங்குக்கு மேல் விழுந்தது.

எல்லாக் குழாய்க்கும் விதை வாயைத் திறந்து மூடும் கம்பியை டிரைவர் ஒரே தள்ளாகத் தள்ளினார். சக்கரத்தைச் சுற்றினால் ஒன்றிரண்டு விதைதான் விழுந்தது. திருப்பித் தள்ளினார். குவிந்துவிட்டது.

“நம்ம ஊரு பஸ் மாதிரில்லா இருக்கு! வந்தா மொத்தமா வருது, இல்லன்னா வரவே மாட்டேங்குது.”

எனக்குச் சிரிப்பு வந்தது, கூச்சமும் கொஞ்சம் போனது. மூடும் கோடியில் கம்பி எவ்வளவு நகர்ந்தாலும் மாற்றமில்லை. திறக்கும் கோடியில் தொட்டாலே கொட்டியது.

“பெருசா தள்ளுதீங்க அண்ணாச்சி. பழைய எடத்துக்கே கொண்டுபோயி, இப்ப தள்ளுனதுல பாதி தள்ளுங்க.”

“பாதி பாதியா தள்ளி எப்ப முடிக்க? மேகத்தப் பாத்தியா?”

முனகிக்கொண்டே தள்ளினார். விழுந்த விதை நான் எடுத்துவைத்த எண்ணிக்கைக்குக் கொஞ்சம் நெருங்கியது. அடுத்த தள்ளில் தாண்டிப் போனதும், நான் சொல்லாமலே பழைய இடத்துக்கு வந்து அதில் பாதி தள்ளினார். கிட்டே வர வர நக அகலம்தான் நகர்த்தினார். ஒருவழியாக இரண்டும் ஒத்துப்போயின.

“வந்துட்டுல்லா, ஏறட்டுமா?”

“இன்னொரு சுத்து சுத்திப் பாப்போம். தற்செயலா வந்திருந்தா?”

மறுபடியும் ஏறக்குறைய அதேதான் விழுந்தது.

புஞ்சையின் கடைசியான மேற்கு வரப்பு வரைக்கும் விதை வந்தது. பெட்டியின் அடியில் இரண்டு கை உளுந்து மிச்சமும் இருந்தது. மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். முதல் இரண்டு சால் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு முளைத்திருந்தது. உட்கார்ந்து, ஒன்றுவிட்டு ஒன்று பிடுங்க ஆரம்பித்தேன்.