குதிரை லாயத்துக்கு வந்த ஸ்போர்ட்ஸ் கார்

சின்ன வயதிலிருந்தே எனக்கு வாயைவிடக் கை முந்திக்கொள்ளும். மீதிச் சில்லறை தராத கண்டக்டரின் பல்லைப் பெயர்த்திருக்கிறேன். குழாயடியில் என் குடத்தைத் தள்ளிவைத்தவனின் மூக்கை உடைத்துவிட்டு, அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே நிம்மதியாகத் தண்ணீர் பிடித்திருக்கிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் காதுபடவே சொல்வார்கள். சொன்னவர்களுக்கும் ஒன்றிரண்டு கிடைத்திருக்கிறது. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான் நான். அந்தப் பெருமை எப்படிப் போனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சீனாக்காரனோடு சண்டை வருவதற்கு முந்தின வருஷம். பெங்களூர் கன்டோன்மென்டில் ஒரு மோட்டார் பட்டறையில் நான் பெரிய ஃபிட்டர். வெள்ளைக்காரப் பட்டாளம் குதிரை கட்டிவைத்திருந்த லாயம் அது. தடுப்புகளை இடித்துவிட்டுக் குதிரைக்குப் பதிலாகக் கார்களை விட்டிருந்தார் முதலாளி. அவர் கன்னடக்காரர், தமிழையும் கன்னடத்தையும் பிசைந்து பேசுவார். கோபம் வந்தால் பேச்சே கிடையாது, ஸ்பேனர்தான் பறந்து வரும். எங்களில் மண்டையில் தழும்பு இல்லாதவன் ஒருவனும் இல்லை. கெட்ட வார்த்தை இல்லாமல் அங்கே ஒரு போல்ட்டும் இறுகியதில்லை.

என்னோடு வேலை செய்தவர்களில் என் தங்கை புருஷனும் ஒருவன். நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். வயதில் என்னைவிடக் கொஞ்சம் இளையவன். வேலையில் என்னைவிடச் சுத்தக்காரன். இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் உதைத்திருப்பேன், ஆனாலும் எனக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் ஒரு சர்க்கார் ஃபேக்டரியிலிருந்து டெஸ்டுக்குக் கார்டு வந்திருந்தது. ஒரு இரும்புத் துண்டை அரத்தால் ராவி, இன்னொரு துண்டுக்குள் நடுவே வெளிச்சம் தெரியாதபடி பொருத்திக் காட்ட வேண்டும். தேறினால் சாகும்வரை கவலையில்லை. பென்ஷன், ஆஸ்பத்திரி, குடியிருக்க குவார்ட்டர்ஸ். தங்கை கைக்குழந்தையோடு ஒரே அறையில், அடுப்புப் புகைக்கு நடுவே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். நான் தேறுவேனா என்பதில் எல்லாருக்கும் சந்தேகம். அவன் தேறுவதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. டெஸ்டுக்கு இரண்டு வாரம் இருந்தபோது அந்தக் கார் வந்தது.

காப்பி எஸ்டேட்காரர் ஒருவர் சீமையிலிருந்து வரவழைத்த புத்தம்புது ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, தரையை ஒட்டி உட்கார்ந்திருந்தது. புதிதாக ஓடும்போது ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கும், ஆகவே சில நூறு மைல் ஓடியதும் முன்சக்கரங்களின் சாய்வைச் சரிபார்க்க வேண்டும் என்று அதனுடன் வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. கேம்பர் என்பார்கள். சக்கரத்தின் தலை மயிரிழை வெளியே சாய்ந்திருக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவாக. சக்கரத்தைத் தாங்கும் மேல்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய தகடுகள் இருக்கும். ஒன்று சேர்த்தால் தலை வெளியே போகும், ஒன்று எடுத்தால் உள்ளே வரும். நாங்கள் அதுவரை பார்த்த பழைய கார்களுக்கு முன் அச்சு ஒரே இரும்பு. சாய்வைத் தொடவே வழி கிடையாது.

அளக்கக் கருவி இல்லை. கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வந்தோம். ஆள் உட்கார்ந்த கனம் வேண்டும் என்று சீட்டுகளில் மணல் மூட்டை வைத்தோம். மட்கார்டிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் ஸ்கேலால் அளந்தோம். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு: ஆளுக்கு ஒரு சக்கரம். தப்பு வந்தால் யார் தலை என்று முதலாளிக்குச் சுலபமாகத் தெரிய வேண்டுமே. வலது சக்கரம் எனக்கு, இடது அவனுக்கு. சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டோம். இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டியது.

மறுநாள் எஸ்டேட்காரர் ஓசூர் ரோட்டில் அத்திபெலே வரைக்கும் விரட்டிவிட்டு வந்தார். வந்த வேகத்தில் வாசல் தூணை இடிக்காமல் நின்றதே ஆச்சரியம். இறங்கி நேராக என்னிடம் வந்து கன்னத்தில் ஒன்று விட்டார். காது ரீங்காரமிட்டது. வண்டி இடது பக்கமாகவே இழுக்கிறது, புளியமரத்தில் போய் மோத இருந்தேன், என்னைக் கொல்லப் பார்த்தாயா என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே இன்னொன்றும் கொடுத்தார். முதலாளி பக்கத்தில் கை கட்டி நின்றார். பெரிய மனிதர், கைநீட்ட முடியாது. வாங்கிக்கொண்டேன். வண்டியை ரிவர்ஸில் உள்ளே தள்ளிவிட்டு அவர் டாக்ஸி பிடித்துப் போனார்.

"நாளைக்குள்ள சரியாகலேன்னா நீ மனேக்குப் போயிடு, இங்க வேலை இல்ல" என்றார் முதலாளி.

இடது பக்கம் இழுக்கிறதென்றால் இடது சக்கரம்தான் தப்பு. அப்படித்தான் நினைத்தேன். மாப்பிள்ளை பக்கம் திரும்பினேன். அவன் பயப்படவில்லை, யோசித்துக்கொண்டிருந்தான்.

"என் பக்கம் சரியாத்தான் வெச்சேன் மச்சான். எனக்குத் தரை மேலதான் சந்தேகமா இருக்கு."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அடி வாங்கிய கன்னத்துக்கு அந்தச் சிரிப்பு இதமாக இருந்தது.

"சிரிக்கிறதுக்கு இல்ல. தரை கோணல்னா உன் பக்கமும் தப்புதான்" என்றான்.

வீல் ஸ்பேனர் எப்படி என் கையில் வந்தது என்று தெரியாது. தலைக்குத்தான் ஓங்கினேன். அவன் வலது கையைக் குறுக்கே கொடுத்தான். மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே விழுந்தவனை விலாவில் இரண்டு உதை உதைத்தேன். மூன்று பேர் பிடித்து இழுத்துத்தான் என்னை விலக்கினார்கள். அவன் முறிந்த கையை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் எழுந்து போனான். தர்மாஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள், ஆறு வாரத்துக்கு.

அடுத்த நாள் காரை நான் ஒருவனே பார்க்க வேண்டியிருந்தது. எஸ்டேட்காரர் தள்ளிவிட்டுப் போனபடி, முகம் வாசலைப் பார்த்து நின்றது. அவன் சக்கரத்தில் குண்டைத் தொங்கவிட்டேன். வேண்டியதைவிட இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், வெளியே சாய்ந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடித்தது சரிதான், பார்த்தாயா என்று உரக்கவே சொன்னேன். ஒரு பேச்சுக்கு என் சக்கரத்தையும் அளந்தேன். அதே இரண்டு நூல், உள்ளே.

மூன்று முறை அளந்தேன். பிறகு காரை வெளியே தள்ளி, திருப்பி, முதலில் நின்ற மாதிரியே முகம் உள்ளே பார்க்க நிறுத்தினேன். இரண்டு சக்கரமும் துல்லியமாக இருந்தன. ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். கார் நின்ற இடத்தைக் குறுக்கே கடந்து ஓரத்துச் சாக்கடைக்கு நேராக ஓடியது. குதிரை மூத்திரம் வடிவதற்காக வெள்ளைக்காரன் வைத்த சரிவு. பத்து வருஷமாக அந்தச் சாக்கடையில் கை கழுவியவன் நான். ஒரு நாளும் அந்தச் சரிவை நான் யோசித்ததில்லை. அவன் யோசித்தான், அதற்காகத்தான் அடித்தேன்.

எதிரே மரக்கடையில் புதிதாகச் சிமென்ட் போட்ட முற்றம் இருந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, காரை அங்கே நிறுத்தினேன். அவன் பக்கம் ஒரு தகடு அதிகம், என் பக்கம் ஒரு தகடு குறைச்சல். தப்பு பாதிக்குப் பாதி. மாற்றிப் போட்டேன். எஸ்டேட்காரர் ஸ்டியரிங்கைத் தொடாமலே ஒரு மைல் ஓட்டிக் காட்டி, என்னை அடித்த கையாலேயே தட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை கெடுத்ததை மச்சான் சரி பண்ணிட்டான் என்று பட்டறையே பேசியது. நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று நாள் அந்தப் பேரோடு நடமாடினேன்.

நாலாம் நாள் சாயங்காலம் தாங்காமல் தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் பாயில் படுத்தபடி கேட்டான்.

"முதலாளிகிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"கிட்ட வா."

போய்க் குனிந்தேன். இடது கையால் அறைந்தான். குறி தப்பிக் கழுத்தில் பட்டது. மறுபடி ஓங்கினான், வலி தாங்காமல் அப்படியே சாய்ந்துவிட்டான். தங்கை அடுப்படியிலிருந்து இரும்பு ஊதுகுழலை எடுத்துவந்தாள். முதுகு, தோள், தலை என்று பார்க்காமல் அடித்தாள். "அந்தக் கைதானே எங்களுக்குச் சோறு! அந்தக் கையத்தான் உடைக்கணுமா?" என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டாள். குழந்தை வீறிட்டது. என் புருவத்திலிருந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. நான் கையைத் தூக்கவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக, அடி விழ விழ, போதாது என்று தோன்றியது. கடைசியில் அவன்தான் விடச் சொன்னான்.

மறுநாள் எல்லார் முன்னாலும் முதலாளியிடம் சொன்னேன். "ஆனது ஆச்சு, சும்னே இரு" என்றார். தரை கோணல் என்று வெளியே தெரிந்தால் பட்டறைக்கு யார் வருவார்கள்?

டெஸ்ட் நாளன்று அவன் மாவுக்கட்டோடு ஃபேக்டரி கேட்டுக்குப் போய், வேறு தேதி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறான். கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் உள்ளே இருந்தேன். ஆம், போனேன். போகாமல் இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் ஒரு மனது சொல்கிறது, வேறு யார் போவது என்று இன்னொரு மனது கேட்கிறது. ஒரு நாளும் இல்லாத பொறுமையோடு ராவினேன். என் துண்டில் வெளிச்சம் தெரியவில்லை.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது அவன் மணிக்கட்டு திரும்பவில்லை. அரத்தை நேராகத் தள்ள முடியவில்லை. அதே வாரத்தில் எனக்கு வேலை உத்தரவு வந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்தேன். குவார்ட்டர்ஸில் நீங்கள் வந்து இருங்கள், நான் எங்கேயாவது இருந்துகொள்கிறேன் என்றேன். தங்கை எழுந்து வெளியே போய்விட்டாள். அவன் உத்தரவை முழுக்கப் படித்தான். பிறகு இடது கையால் என் வலது கையைப் பிடித்துப் புரட்டி, விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கிண்டலாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை.

"கையப் பத்திரமாப் பாத்துக்கோ மச்சான். இனிமே ரெண்டு குடும்பத்துக்கும் இது ஒண்ணுதான் இருக்கு."

சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தான்.