முன்கூட்டியே சொன்ன நன்றி

டயாலிசிஸுக்குப் போன கணவர் திரும்பும் நேரம். லிஃப்ட் ஏறிவரும் சத்தம் கேட்டது.

சின்ன வயதில் மார்சிலிங் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழாவது மாடியில் இருந்தோம். அந்தக் காலத்து லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது; எங்களுக்கு ஐந்தாவது மாடியில்தான் நிற்கும். அப்பாவும் டயாலிசிஸ் முடிந்து வந்து, மீதி இரண்டு மாடியை மூச்சிரைக்க ஏறுவார். அவர் வருமுன்பே அம்மா விளக்கேற்றி, "முருகா, கொண்டுவந்து சேர்த்துட்டே, நன்றிப்பா" என்பார்.

"அப்பா இன்னும் வரலையேம்மா?"

"முதல்லயே நன்றி சொல்லிட்டா, சாமி எப்படி மாத்துவாரு லா?"

ஒருநாள் காலடிச் சத்தம் ஆறாவது மாடியோடு நின்றது. அம்மா ஓடினார். அப்பா வீட்டுக்கு வரவேயில்லை.

காரியம் முடிந்ததும் அம்மா மறுபடி விளக்கேற்றினார். "இத்தனை நாள் கொண்டுவந்து விட்டியே, நன்றிப்பா."

இப்போது லிஃப்ட் எங்கள் மாடியிலேயே நிற்கிறது. அதன் கதவு திறந்துவிட்டது. காலடிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

நான் விளக்கை ஏற்றிவிட்டேன்.